பிளக் அக்காவின் முதல் கேள்வி

உங்கள் வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது எந்த விளக்கு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. நீங்கள் அங்கே எட்டு வருடமாகக் குடியிருக்கலாம். ஆனால் பிளக் அக்கா வந்து அரை மணி நேரத்தில் அதைத் தன் நோட்டில் குறித்துவிடுவார்.

இப்போது அவர் ஒரு வீட்டுக் கூடத்தில், எவர்சில்வர் தட்டு ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தபடி நிற்கிறார். சாப்பிடுகிற தட்டுதான். பையிலிருந்து அவர் அதை எடுக்கும்போது, புதிதாகப் பார்க்கும் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் பதறிப்போவார்கள். ஒரு வீட்டில் அம்மா ஓடிப்போய்ச் சோறே எடுத்து வந்துவிட்டார். தட்டு மறைத்தால் எந்தக் கருவி வாயடைத்துப் போகிறது என்று பார்ப்பதற்காகத்தான் அது. சுவருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் சிவப்பாகச் சிமிட்டினால், "ம், இவனுக்கு இந்த வழி தவிர வேற வழி இல்லை" என்பார். கூந்தலில் செருகியிருக்கும் டெஸ்டரை உருவி ஒரு தட்டு, மறுபடி கூந்தலில் ஒரு செருகல். நாற்பத்தேழு வயது. குரல் மட்டும் இன்னும் லிஃப்ட் கிணற்றுக்குள் கத்திப் பழகிய குரலாகவே இருக்கிறது.

பதினான்கு வருடம் லிஃப்ட் கம்பெனியில் கண்ட்ரோல் பேனல் பார்த்தவர். கம்பெனி மூடிய பிறகு, கம்பியில்லாமல் கைப்பேசியால் இயங்கும் விளக்கு, மின்விசிறி, திரைச்சீலை, பூட்டு ஆகியவை மக்கர் செய்யும் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். இரண்டு தொழிலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார். "லிஃப்ட்ல ஒரு சுவிட்ச் பொய் சொன்னா ஆள் செத்துடுவான். இங்க பொய் சொன்னா லைட்டு எரியாது, அவ்வளவுதான். அதனால இங்க எல்லாரும் தாராளமா பொய் சொல்றாங்க, மெஷின் உள்பட."

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "பிளக்கைப் பிடுங்கினது யாரு?" பெயர் வந்ததும் இதனால்தான். கொலை நடந்த வீட்டில் போலீஸ் கேட்டதைப் போலக் குடும்பமே ஒரு நொடி உறைந்து நிற்கும். கணவர் மனைவியைப் பார்ப்பார். மனைவி மாமியாரைப் பார்ப்பார். மாமியார் பூனையைப் பார்ப்பார். "நாங்க எதுவும் தொடலையே!" என்ற பதில் வந்ததும் அக்கா சோபாவின் பின்னால் குனிந்து, பிடுங்கிக் கிடக்கும் பிளக் ஒன்றை வாலைப் பிடித்து எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிக் காட்டுவார். "இது தானா வெளிய நடந்து வந்திருக்கு பாருங்க."

பிளக்கில் அப்படி என்ன இருக்கிறது? அவர் சொல்லும் விளக்கத்தைவிட எளிதாக என்னால் சொல்ல முடியாது. "பேட்டரியில ஓடுறவன் எல்லாம் முணுமுணுக்கிறவன். எல்லாத்தையும் ஆட்டி வைக்கிற பெட்டி தூரத்துல இருக்கும், அதுக்கு அவன் குரல் எட்டாது. பக்கத்துல கரண்ட்ல உட்கார்ந்திருக்கிறவன் காதுல சொல்வான். அவன் அடுத்தவன்கிட்ட சொல்வான். அப்படியே பெட்டிக்குப் போய்ச் சேரும். நடுவுல உட்கார்ந்திருக்கிறவனைக் கிளப்பி விட்டுட்டா பேச்சு அங்கயே நின்னுபோச்சு. நீங்க பெட்டியைத் திட்டுவீங்க, பல்பைத் திட்டுவீங்க, கடைக்காரனைத் திட்டுவீங்க. பிளக்கைப் பிடுங்கினவரு பாட்டுக்கு அந்தப் பக்கம் போன் சார்ஜ் போட்டுட்டு இருப்பாரு."

நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். அதில் கருவிகளின் பெயரைவிட மனிதர்களின் நடமாட்டம்தான் அதிகம். எத்தனை மணிக்குக் குளிக்கிறார்கள், துணி துவைக்கும் இயந்திரம் எப்போது ஓடுகிறது, யார் எந்த நாற்காலியில் உட்காருகிறார்கள், நாய் எங்கே படுக்கிறது. வீட்டை மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு படமும் போடுவார். அதில் மீன்தொட்டிக்கு ஒரு பெருக்கல் குறி, ஆளுயரக் கண்ணாடிக்கு ஒரு பெருக்கல் குறி, இரும்பு பீரோவுக்கு இரண்டு.

பேய் ஓட்டிய கதையும் உண்டு. ஒரு வீட்டில் மதியம் மூன்று மணிக்குப் படுக்கையறை விளக்கு தானாக எரியும். போன வருடம் இறந்த பெரியப்பா அந்த அறையில்தான் படுத்திருந்தார் என்பதால், இரண்டு மாதமாக அறையைப் பூட்டியே வைத்திருந்தார்கள். படித்த குடும்பம், வீட்டில் இரண்டு பேர் பொறியாளர்கள். அக்கா மூன்று நாள் மதியம் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து நோட்டு எழுதினார். மூன்றாம் நாள் வெளியே வந்து சொன்னார்: "பெரியப்பா இல்லீங்க, மேல் வீட்டு மாமா. அவர் புதுசா வாங்கின சுவிட்ச் உங்க லைட்டோட ஜோடி சேர்ந்திருக்கு. அவர் தூங்கப் போறப்ப அமுக்குறாரு, இங்க எரியுது. நல்லா உயிரோடதான் இருக்காரு, வேணும்னா போய்ப் பார்த்துட்டு வாங்க."

பேயை நம்புகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். பேயை நம்பாமல் பெட்டியை நம்புகிறவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அப்படி ஒரு வீட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நானும் அவரோடு இருந்தேன்.

ஒன்பதாவது மாடி. வீட்டுக்காரர் ஏற்றுமதி நிறுவனமொன்றில் மேலாளர். மனைவி பள்ளி ஆசிரியை. அன்று விடுப்பு எடுத்திருந்தார். கூடத்தை ஒட்டிய அறையில், சாய்த்து வைத்த கட்டிலில், வீட்டுக்காரரின் அப்பா. பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கட்டிலிலிருந்து பார்த்தால் முன்கதவு நேராகத் தெரியும்.

வீட்டுக்காரரின் புகார்ப் பட்டியல் நீளமானது. திரைச்சீலை பாதியில் நின்றுவிடுகிறது. படுக்கையறை ஏசி, வேண்டாம் என்று சொன்ன பிறகு ஓடுகிறது. சமையலறை விளக்கு ஒரு நிமிடம் தாமதமாக எரிகிறது. "எல்லாமே தகராறு மேடம்" என்றவர், கைப்பேசியைக் காட்டி, "இந்த முன்கதவு சென்சார் ஒண்ணுதான் கரெக்ட்டா வேலை செய்யுது" என்றார்.

அக்கா கைப்பேசியை வாங்கிப் பதிவுகளை விரலால் தள்ளிக்கொண்டே போனார். போன வெள்ளிக்கிழமை, 'முன்கதவு திறக்கப்பட்டது' 11.22. 'முன்கதவு மூடப்பட்டது' 11.58. முந்தைய நாள் 11.19. அதற்கு முந்தைய நாள் 11.25. நான்கு மாதமாக, ஞாயிறு தவிர.

"தினமும் இந்த நேரத்துல யாரு வெளிய போறாங்க?"

மனைவிதான் சொன்னார். "மாமாவைப் பகல்ல பார்த்துக்க ஒரு அம்மா வந்துட்டு இருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும், தினமும் அரை மணி நேரத்துக்கு மேல மாமாவைத் தனியா விட்டுட்டு வெளிய போயிருக்காங்க. போன வாரம்தான் இவர் இதைக் கவனிச்சாரு. கேட்டா இல்லவே இல்லைன்னு சாதிச்சாங்க."

"கதவே திறக்கலைன்னு சொல்றாங்க மேடம்!" என்றார் வீட்டுக்காரர். "இங்க தேதியோட, நிமிஷத்தோட இருக்கு. சனிக்கிழமை நிறுத்திட்டேன். குடியிருப்பு குரூப்லயும் போட்டுட்டேன், வேற யாரும் ஏமாறக் கூடாது பாருங்க."

குரூப்பில் போட்டதையும் காட்டினார். 'எங்கள் வீட்டில் வேலை பார்த்த பெண்மணி தினமும் நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வெளியே போகிறார். ஆதாரம் இணைத்துள்ளேன். அனைவரும் எச்சரிக்கையாக இருக்கவும்.' கீழே பதிவின் படம். அதற்கும் கீழே இருநூற்றுச் சொச்சம் வீடுகளின் கட்டைவிரல்கள். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் அந்தப் பெண்மணி மாலையில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை அதுவும் போய்விட்டது. இரண்டு வரி, ஒரு படம். அந்த வளாகத்தில் அவருக்கு இனி ஒரு கதவும் திறக்காது.

இந்த வீட்டுக்காரரை ஒரு கொடியவராக எண்ணிக்கொள்ளாதீர்கள். திரைச்சீலையின் பேச்சை நம்பவில்லை, ஏசியின் பேச்சை நம்பவில்லை, விளக்கின் பேச்சை நம்பவில்லை. அதே பெட்டி, வேலைக்கு வந்தவள் மேல் குற்றம் சொன்னபோது மட்டும் உடனே நம்பினார். நம்மில் பலர் இப்படித்தான் நியாயமானவர்களாக இருக்கிறோம்.

அக்கா நேராகக் கட்டிலருகே போனார். "ஐயா, அந்த அம்மா தினமும் கதவைத் திறந்து வெளிய போவாங்களா?"

பெரியவரின் இடது கை போர்வையிலிருந்து எழுந்தது. இப்படியும் அப்படியும் இரண்டு முறை அசைந்தது. இல்லை.

"மேடம், அப்பாவுக்கு ஒண்ணும் புரியாது" என்றார் மகன்.

"புரியாதுன்னு யாரு சொன்னா, இந்த போனா?"

பதிலுக்குக் காத்திராமல் நோட்டை எடுத்து எழுதினார்: 'ஐயா, கட்டிலிலிருந்து கதவு தெரிகிறது, இல்லை என்கிறார்.' எழுதிவிட்டு மகனிடம், "இது ஒரு சாட்சி. அப்படியே நம்பச் சொல்லலை. குறிச்சுக்கணும், அப்புறம் சோதிச்சுப் பார்க்கணும். நீங்க குறிச்சுக்கவே இல்லையே சார்!" என்றார்.

பிறகு ஒரு நிபந்தனை போட்டார். அந்தப் பெண்மணி வராமல் தன்னால் பழுது பார்க்க முடியாது.

"அவங்களுக்கும் லைட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"பகல்ல இந்த வீட்ல நடமாடினது அவங்க. நீங்க ரெண்டு பேரும் எட்டு மணிக்குக் கிளம்பிடுறீங்க. எந்த நேரத்துல எதைத் தொட்டாங்க, எதை நகர்த்தினாங்கன்னு அவங்களுக்குத்தானே தெரியும்? கூப்பிடுங்க. வரலைன்னா நானும் கிளம்புறேன்."

மனைவி கைப்பேசியோடு உள்ளறைக்குப் போனார். என்ன சொல்லி அழைத்தாரோ, அரை மணி நேரத்தில் அந்தப் பெண்மணி வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"என் பையை எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

"உள்ள வாங்கக்கா" என்றார் பிளக் அக்கா. "தினமும் காலையில என்ன செய்வீங்களோ, அதை வரிசையா ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. நான் எழுதிக்கிறேன்."

"திருடினவளைப் போலீஸ் நடிச்சுக் காட்டச் சொல்ற மாதிரியா?"

"இல்லக்கா. மெஷின் திருடுதான்னு பார்க்கத்தான்."

அந்தப் பெண்மணி செருப்பைக் கழற்றினார்.

அக்கா கதவைச் சாத்தி, வீட்டுக்காரரையே பூட்டச் சொன்னார். சாவியை அவருடைய சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்ளச் சொன்னார். கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே துணி டேப்பை ஒட்டி, அதன் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். கைப்பேசியை மேசை நடுவில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்.

பெண்மணி வேலையை ஆரம்பித்தார். வெந்நீரில் துணியை நனைத்துப் பெரியவரின் முகத்தைத் துடைத்தார். தலையணையைத் திருப்பிப் போட்டார். மருந்துப் பெட்டியில் செவ்வாய் என்று எழுதிய அறையைத் திறந்து பார்த்து, "காலை மாத்திரை இன்னும் அப்படியே கிடக்கே?" என்று மனைவியிடம் கேட்டார். மனைவி எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தார். பிறகு பெண்மணி மூலையிலிருந்து வாக்யூம் கிளீனரை இழுத்து வந்தார். முன்கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரிக்கு மேலே இருந்த பிளக் பாயிண்டில், தரையில் நிற்கும் ஓர் உயர விளக்கு செருகியிருந்தது. அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, அந்த இடத்தில் கிளீனரைச் செருகினார்.

"நில்லுங்கக்கா. இவ்வளவு பிளக் இருக்கு. ஏன் இதுல?"

"சார்தான் எழுதிக் கொடுத்தாரு."

சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, பிளாஸ்டிக் உறை போட்டு. பதினாறு கட்டளைகள். ஒன்பதாவது: 'வாக்யூம் கிளீனரை வாசல் பக்கத்து பிளக்கில் மட்டும் போடவும். மற்ற பிளக்குகளில் என் கருவிகள் உள்ளன. தொடக் கூடாது.' தாள் ஒட்டி ஒன்றரை வருடம். கம்பியில்லாமல் இயங்கும் அந்த உயர விளக்கும், முன்கதவு சென்சாரும் வந்தது நான்கு மாதத்துக்கு முன்னால். ஒன்பதாவது கட்டளையைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. அதை எழுதியவருக்கே அது மறந்துபோயிருந்தது. மறக்காமல் கடைப்பிடித்தது ஒரே ஒருவர்.

கிளீனர் இரைந்துகொண்டு ஓடியது. கூடம் முடிந்தது. ஒரு நிமிடம், இரண்டு, ஐந்து. வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, "நான் பதினொன்றரைக்கு ஒரு மீட்டிங்கில்…" என்று ஆரம்பித்தார். ஏழு நிமிடம் தாண்டியதும் மேசையில் கைப்பேசி அதிர்ந்தது.

'முன்கதவு திறக்கப்பட்டது.'

ஐந்து பேரும் கதவைப் பார்த்தோம். டேப் அப்படியே இருந்தது. பேனாக்கோடு அப்படியே இருந்தது. வீட்டுக்காரரின் கை தன்னையறியாமல் சட்டைப் பையில் சாவியைத் தொட்டுப் பார்த்தது. அடுத்த அறையிலிருந்து ஒரு சத்தம். பெரியவர் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா கிளீனரை நிறுத்தினார். விளக்கை மறுபடி செருகினார். சிறிது நேரத்தில் கைப்பேசி சொன்னது: 'முன்கதவு மூடப்பட்டது.'

காரணம் பெரிய ரகசியமொன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் தலைமை தாங்கும் பெட்டியை வீட்டுக்காரர், தூசி படக் கூடாதென்று, கடைசி அறையில் இரும்பு பீரோவுக்குள் வைத்திருந்தார். திரைச்சீலை பாதியில் நின்றதற்கும் ஏசி பேச்சுக் கேட்காததற்கும் அதுவே காரணம். முன்கதவும் கனத்த இரும்பு. அந்தச் சென்சாரின் முணுமுணுப்பு பெட்டிக்குப் போக இருந்த ஒரே வழி அந்த உயர விளக்கு. விளக்கைப் பிடுங்கினால் சென்சாரிடமிருந்து பேச்சு வராது. சில நிமிடம் பேச்சு வராவிட்டால் கதவு திறந்துவிட்டதாக எழுதிவிடு என்று, அந்தப் பெட்டியைச் செய்த யாரோ ஒருவர், எங்கோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். 'தெரியவில்லை' என்று எழுத அதற்குச் சொல்லித்தரவில்லை. சந்தேகம் வந்தால் குற்றம் என்று எழுது! இந்தச் சட்டத்தைப் பெட்டி நம்மிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

"ஓ, இதான் விஷயமா?" என்றார் வீட்டுக்காரர். "அப்ப அந்த விளக்கை வேற இடத்துக்கு மாத்திட்டா போதும் இல்லையா?" பிறகு பெண்மணியின் பக்கம் பாதி திரும்பி, "நாளையிலிருந்து வழக்கம்போல வந்துடுங்க" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

அக்கா தட்டு, நோட்டு, டேப் எல்லாவற்றையும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன மேடம், ஏசி, திரைச்சீலை எல்லாம் இன்னும் பார்க்கலையே?"

"பார்க்கிறேன். முதல்ல குரூப்ல இருக்கிறதை நீங்க சரி பண்ணுங்க."

அவர் கைப்பேசியை எடுத்து நாலைந்து தட்டு தட்டினார். "அழிச்சுட்டேன். போதுமா?"

"அழிச்சா? படிச்சவங்க படிச்சது அப்படியே இருக்குமே சார். மூணாவது மாடிக்காரங்க எதை வச்சுத் தெரிஞ்சுக்குவாங்க? எழுதுங்க."

"என்னன்னு எழுதுறது? சிஸ்டம் தப்பா காட்டிடுச்சுன்னு…"

"சிஸ்டம் குரூப்ல இருக்கா சார்? அன்னிக்கு எழுதினது யாரு?"

மனைவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்கவோ என்னவோ. வீட்டுக்காரர் நின்றபடியே தட்டச்சு செய்தார். அழித்தார், மறுபடி தட்டினார். அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை. "எனக்கு எதுக்கு? அவங்ககிட்ட காட்டுங்க" என்று பெண்மணியைக் கைகாட்டினார். பெண்மணி தலையை அசைத்தார். "எனக்குச் சின்ன எழுத்து தெரியாது சார், கண்ணாடி கொண்டுவரலை."

அப்போது கட்டிலிலிருந்து இடது கை நீண்டது, விரல்கள் விரிந்து, எதையோ கேட்டபடி. யாருக்கும் உடனே விளங்கவில்லை. பிறகு பெண்மணிதான் சொன்னார்: "போனைக் கேட்கிறாரு."

மகன் கொண்டுபோய்க் கொடுத்தார். பெரியவர் கைப்பேசியை நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டு, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். 'அந்தப் பெண்மணி வெளியே போகவில்லை. கதவு திறக்கப்படவில்லை. என் தரப்பில் ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது.' படித்து முடித்ததும் மகனை நிமிர்ந்து பார்த்தார். சுட்டுவிரல் நகத்தால் திரையில் ஓர் இடத்தைச் சுரண்டினார். ஒட்டிக்கொண்ட அழுக்கைச் சுரண்டுவதுபோல, விடாமல் சுரண்டிக்கொண்டே இருந்தார். மகன் குனிந்து பார்த்தார். 'சிறு' என்ற சொல்லின் மேல் நகம் நின்றிருந்தது.

மகன் அதை அழித்துவிட்டு அனுப்பினார்.

உங்கள் கைப்பேசியிலும், ஏதாவது ஒரு குரூப்பில், ஒரு படத்தை ஆதாரமாக ஒட்டி, யாரையாவது பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரி இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் எழுதியதென்றால், இந்தப் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் அங்கே போய்த் திருத்தி எழுதுங்கள். அந்தச் சொல்லை மட்டும் சேர்க்காதீர்கள்.